சீனாவில் மோல்டு போடுகிறோம்: பிராண்டும் டிசைனும் கைநழுவாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பீளமேடு_கிரைண்டர்:
டேபிள்டாப் கிரைண்டரின் ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாடிக்கு சீனாவின் நிங்போ துறைமுக நகர ஃபேக்டரி ஒன்றில் மோல்டு (அச்சு) போட்டு, எங்கள் பிராண்டு பெயரோடு இறக்குமதி செய்யப் போகிறோம். விற்பனை இந்தியாவில் மட்டும். டிரேட்மார்க் இந்தியாவில் பதிவாகிவிட்டது. அடுத்த வாரம் 3டி ஃபைல் அனுப்ப வேண்டும். ஃபேக்டரி என்டிஏ (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) போட்டுத் தருகிறது. போதுமா?

மார்க்_பதிவு:
போதாதுங்க. ஃபைலை நிறுத்தி வையுங்கள். இந்தியப் பதிவு அங்கே செல்லாது. சீனாவில் முதலில் விண்ணப்பித்தவருக்கே மார்க். "அங்கே விற்கவில்லையே" என்று இருந்துவிடாதீர்கள். சீனச் சுங்கத்துறை ஏற்றுமதிச் சரக்கையும் பிடிக்கும். உங்கள் பெயரை வேறொருவர் அங்கே பதிந்து சீனச் சுங்கத்துறையிலும் பதிவு செய்துவிட்டால், உங்கள் கன்டெய்னர் நிங்போவிலேயே நிற்கும். ஏற்றுமதிக்கு மட்டுமே செய்த சரக்கு என்ற வாதம் 2019-ல் ஹோண்டா வழக்கில் சீன உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. அது மியான்மருக்குப் போகவிருந்த பைக் சரக்கு.

டிரேட்மார்க்குக்கான பொருள் வகைப்பாட்டில் இயந்திரங்கள் வரும் கிளாஸ் 7-ல் விண்ணப்பியுங்கள். அங்கே ஒவ்வொரு கிளாஸுக்குள்ளும் துணைப்பிரிவுகள் உண்டு. கிரைண்டர் வரும் துணைப்பிரிவை மட்டும் எடுத்தால், அதே கிளாஸில் மோட்டாருக்கு உங்கள் பெயரையே இன்னொருவர் வாங்க இடமிருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஐபி_கோவை:
மாட்ரிட் (ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் மார்க் கேட்கும் சர்வதேச முறை) வழியாகவும் போகலாம், இந்தியா 2013 முதல் அதில் உறுப்பு நாடு. ஆனால் முதல் 5 ஆண்டுகளுக்குள் இந்தியப் பதிவு ரத்தானால் சீனப் பதிவும் அதோடு விழும். ஒரே ஒரு நாடுதான் என்றால் சீன ஏஜென்ட் மூலம் நேரடியாகப் போடுவதே மேல். பொருட்களின் பெயரை சீன டிரேட்மார்க் அலுவலகத்தின் பட்டியலிலிருந்தே எடுக்கலாம், ஆட்சேபணை குறையும்.

சோர்சிங்_ஆள்:
என்டிஏ ரகசியத்தை மட்டும்தான் காக்கும். அதே பாடியை வேறு பெயரில் ஃபேக்டரியே விற்றால்? என்.என்.என் ஒப்பந்தம் கேளுங்கள்: வெளியே சொல்லக்கூடாது, தானே பயன்படுத்தக்கூடாது, உங்களைத் தாண்டி உங்கள் வாடிக்கையாளரிடம் போகக்கூடாது. சீன மொழியில், சீனச் சட்டப்படி, ஃபேக்டரி இருக்கும் ஊர் நீதிமன்றம் என்று எழுதுங்கள். கோவைத் தீர்ப்பை வைத்து அங்கே வசூலிப்பது கடினம். அங்கேயே வழக்கென்றால், வழக்கு நடக்கும்போதே அவர்கள் வங்கிக் கணக்கை முடக்கக் கேட்கலாம். ஒவ்வொரு மீறலுக்கும் நஷ்டஈட்டுத் தொகையை இப்போதே குறிப்பிடுங்கள்.

ஃபேக்டரியின் ஆங்கிலப் பெயரை நம்பாதீர்கள். பிசினஸ் லைசென்ஸில் உள்ள சீனப் பெயர், 18 இலக்கப் பதிவு எண், வட்டமான சிவப்பு முத்திரை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். முத்திரை டிரேடிங் கம்பெனியுடையது, மோல்டு இருப்பது வேறு ஃபேக்டரியில் என்றால் அந்த ஃபேக்டரியை ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. மோல்டு உங்களுடையது, கேட்டால் இத்தனை நாளில் ஒப்படைக்க வேண்டும், பாக்கியைக் காட்டிப் பிடித்துவைக்கக் கூடாது என்று தனி ஷரத்து போடுங்கள். மோல்டு ஸ்டீலிலேயே உங்கள் பெயரும் எண்ணும் பொறித்து, உற்பத்திக்கான முன்பணத்துக்கு முன் போட்டோ வாங்குங்கள்.

பீளமேடு_கிரைண்டர்:
நன்றிங்க. பாடியின் வடிவத்துக்கு?

ஐபி_கோவை:
சீனாவில் டிசைன் பேடன்ட் (வடிவத்துக்கான உரிமை), 15 ஆண்டு. விண்ணப்பிக்கும் முன் கேன்டன் ஃபேரிலோ (சீன வர்த்தகக் கண்காட்சி) இன்ஸ்டாகிராமிலோ படம் வந்தால் புதுமை போய்விடும். முதலில் இந்தியாவில் டிசைன் விண்ணப்பம் போடுங்கள். அந்தத் தேதியை வைத்தே 6 மாதத்துக்குள் சீனாவில் கேட்கலாம். உள்ளே மெக்கானிசத்தில் புதுக் கண்டுபிடிப்பு இருந்தால் அதற்கு இந்தியப் பேடன்ட் சட்டத்தின் 39-ஆம் பிரிவு: சீனாவில் விண்ணப்பிக்கும் முன், இந்தியாவில் பேடன்ட் விண்ணப்பித்து 6 வாரம் கழிய வேண்டும், இல்லையென்றால் முன் அனுமதி வேண்டும்.

இந்தியச் சுங்கத்திலும் மார்க்கை ஐஸ்கேட் (சுங்கத்துறையின் இணையதளம்) வழியாகப் பதிந்துவிடுங்கள். ஃபேக்டரி கூடுதலாக ஓட்டிய சரக்கு உங்கள் பெயரோடு வேறு இறக்குமதியாளருக்கு வந்தால் சென்னைத் துறைமுகத்திலேயே நிறுத்தக் கேட்கலாம்.