குடியிராத நாட்டில் வங்கிக் கணக்கு: முகவரிச் சான்றில் சிக்கல்

கேள்வி:
வணக்கம். நான் வசிக்காத ஒரு நாட்டில் எனக்குள்ள வீட்டின் வாடகையைப் பெறுவதற்காக வங்கிக் கணக்கு தொடங்க விண்ணப்பித்தேன். கடவுச்சீட்டின் நகலை அனுப்பியும், முகவரிச் சான்று ஏற்கத்தக்கதல்ல என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். நேரில் செல்லாமல் இதை முடிக்க இயலுமா?

மறுமொழி 1:
பலரும் இடறுவது இங்கேதான். வாடகை வீட்டின் முகவரியை அல்ல, தாங்கள் தற்போது வசிக்கும் முகவரியையே வங்கி கேட்கிறது. அதற்கான மின்கட்டண ரசீது பெரும்பாலும் மூன்று மாதங்களுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் விரிவாக இருந்த என் தந்தை பெயர் ரசீதில் ஒற்றைத் தலைப்பெழுத்தாக இருந்ததற்கே ஒருமுறை விண்ணப்பம் திரும்பி வந்தது.

மறுமொழி 2:
நேரில் செல்லாதவர்களிடம் நோட்டரி சான்றளித்த நகல்களை வங்கிகள் கேட்பதுண்டு. இரு நாடுகளும் 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இணைந்திருந்தால், அபோஸ்டில் முத்திரை (ஆவணத்தில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்று அதை வழங்கிய நாட்டின் அரசு தரும் சான்று) பெற்றாலே போதும். தூதரகத்திற்கு அலைய வேண்டியதில்லை. வரிக்காகத் தாங்கள் எந்த நாட்டில் வசிப்பவர் என்று கேட்கும் வரி வசிப்பிடப் படிவத்தையும் அலட்சியமாக நிரப்பாதீர்கள். 2014இல் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு) வகுத்த பொது அறிக்கையிடல் நெறியை ஏற்ற நாடுகளில், கணக்கின் இருப்பும் வட்டியும் தாங்கள் வசிக்கும் நாட்டின் வரித்துறைக்குத் தெரிவிக்கப்படும். எனவே வரி அடையாள எண்ணைச் சரியாக எழுதுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நான் அனுப்பியது எட்டு மாதம் பழைய ரசீது என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

மறுமொழி 3:
வாடகை ஒப்பந்தத்தையும் இணைத்துவிடுங்கள்; பணம் எங்கிருந்து வருகிறது என்பது அவர்களின் அடுத்த கேள்வியாக இருக்கும்.