புதுப்பிப்பு: டிஜே மிக்ஸரில் 2ஆம் சேனல் ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் வரவில்லை (சரியாகிவிட்டது)

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஜே மிக்ஸரில் (பாட்டுகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) 2ஆம் சேனல் ஹெட்போனில் மட்டும் கேட்கிறது, 1ஆம் சேனலில் கரகரப்பு, சத்தம் அளவு மீறினால் எரியும் சிவப்பு விளக்கும் அடிக்கடி எரிகிறது என்று கேட்டிருந்தேன்.

கேபிள் மாற்றிப் பார்த்ததில் பயனில்லை. கிராஸ்ஃபேடர் அசைன் சுவிட்சைப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. கிராஸ்ஃபேடர் என்பது 'ஏ', 'பி' என்ற இரண்டு பக்கங்களுக்கு நடுவே சத்தத்தை மாற்றும் குறுக்கு நெம்பு; எந்தச் சேனல் எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பது அசைன் சுவிட்ச். 2ஆம் சேனல் 'பி'யில் இருந்தது, கிராஸ்ஃபேடரோ முழுக்க 'ஏ' பக்கம். இரண்டு சேனலையும் 'த்ரூ'வில் வைத்ததும் ஸ்பீக்கரில் சத்தம் வந்துவிட்டது. கியூ பட்டன் (ஹெட்போனில் மட்டும் கேட்டுப் பார்ப்பதற்கானது) ஃபேடருக்கு (சேனலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு) முன்னாலேயே சிக்னலை எடுத்து ஹெட்போனுக்கு அனுப்பிவிடுவதால்தான் அங்கே மட்டும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

எதிர்பாராதது, கரகரப்பும் நின்றுவிட்டது! த்ரூவில் சிக்னல் கிராஸ்ஃபேடர் வழியாகப் போவதே இல்லை, ஆக கரகரத்தது அதுதான். ஸ்கிராட்ச் செய்பவர்களுக்கு (ரெக்கார்டை முன்னும் பின்னும் அசைத்து ஒலி எழுப்புபவர்கள்) கிராஸ்ஃபேடர் தேவை என்பதால் இது தீர்வாகாது, அவர்கள் அதைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். எனக்குச் சேனல் ஃபேடரே போதும்.

அப்புறம் சிவப்பு விளக்கு. ஈக்யூ குமிழ்களை (பேஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைப்பவை) நடுவில் வைத்து, பாட்டின் சத்தமான இடத்தில் மீட்டர் 0 டெசிபலை ஒட்டி நிற்கும்படி ட்ரிம்மை (சேனலுக்குள் வரும் சிக்னலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) திருப்பச் சொன்னார் இன்னொருவர். அதுவும் சரி. பேஸை ஏற்றினால் மட்டும் மீட்டரும் கூடவே ஏறுகிறது, அப்போது ட்ரிம்மைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.