150 டன்னுக்கு மேல் ஏறாத உயிர்த்திரள் மாடல்: உதவி தேவை

மலைச்சரிவில் உள்ள ஒரு பசுமைமாறாக் காட்டின் தரைமேல் உயிர்த்திரளை (மரங்களில் தரைக்கு மேலுள்ள பகுதியின் உலர் எடை) செயற்கைக்கோள் தரவிலிருந்து கணக்கிடுகிறேன். மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்: எக்டேருக்கு 150 டன்னைத் தாண்டினால் மாடல் மேலே போகவே மாட்டேன் என்கிறது.

களத்தில் 42 திட்டுகள், ஒவ்வொன்றும் 0.1 எக்டேர். மரங்களை 1.3 மீட்டர் உயரத்தில் நாடா பிடித்து நாங்களே அளந்தோம். பலகை வேர் உள்ள மரங்களில் வேர் முடியும் இடத்துக்கு மேலே. அதனால் களத் தரவில் எனக்குச் சந்தேகம் இல்லை. எக்டேருக்கு 310 டன் வந்த ஒரு திட்டுக்கு மாடல் 160 சொல்கிறது. மரம் குறைந்த திட்டுகளுக்கோ கூட்டிச் சொல்கிறது.

முதலில் சென்டினல்-1 ரேடார் தரவு, சென்டினல்-2 ஒளிப்படத் தரவு இரண்டையும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் முறைக்குக் கொடுத்தேன். சென்டினல்-1 பயன்படுத்தும் குறுகிய அலைநீள சி-பேண்ட் அடர்ந்த காட்டில் சீக்கிரமே நிறைவடைந்துவிடும் (அதற்கு மேல் உயிர்த்திரள் கூடினாலும் சமிக்ஞை கூடாது) என்பதால், அப்புறம் ஏலோஸ்-2 செயற்கைக்கோளின் நீண்ட அலைநீள எல்-பேண்ட் ரேடாரில் எச்.வி. சமிக்ஞையை (கிடையாக அனுப்பி, செங்குத்தாகப் பெறுவது) சேர்த்து, மலைச்சரிவால் வரும் பிழைக்குச் சரிவுத் திருத்தமும் செய்தேன். கொஞ்சம்தான் மாறியது. விண்வெளியிலிருந்து லேசரால் காட்டின் உயரத்தை அளக்கும் கெடி லைடாரின் 25 மீட்டர் விட்டமுள்ள தடம் ஒன்றுகூட என் திட்டுகள் மேல் விழவில்லை.

சுற்றியுள்ள காட்டில் விழுந்த கெடி தடங்களைப் பயிற்சிக்கு வைத்து, என் திட்டுகளைச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டால் இந்த உச்சவரம்பு உடையுமா?