பழைய காஸ் உலை: பின் பேர்னர் ‘புக் புக்’ என்கிறது

மாங்குளத்தான்:
வணக்கம். வவுனியாவில் கராஜ் நடத்திய ஒருவர் வெளிநாடு போகும்போது விற்ற காஸ் உலையை 40,000 ரூபாய்க்கு வாங்கி, இந்தப் பக்கம் வந்த லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். பழைய சிலிண்டரை வெட்டி, உள்ளே சூடு தாங்கும் வெள்ளைப் பஞ்சு வைத்து, மேலே இரண்டு பேர்னர் பூட்டிய உலை. எனக்கு இது தொழில் அல்ல. சின்ன வயதில் அம்மப்பாவின் கம்மாலையில் துருத்தி இழுத்த ருசி இன்னும் விடவில்லை, அவ்வளவுதான். லொறி வில்லுத் தகட்டில் ஒரு காட்டுக்கத்தி அடித்துப் பார்க்க ஆசை.

முன் பேர்னர் நீலமாக எரிகிறது, ஆனால் சோம்பல். பின்னது மஞ்சள் நாக்கை நீட்டி, ஐந்து நிமிடத்தில் குழாய்க்குள்ளேயே ‘புக் புக்’ என்கிறது. இரும்பு மங்கல் சிவப்பைத் தாண்டவில்லை. அவர் ரெகுலேற்றர் தரவில்லை, வீட்டு அடுப்பினதைத்தான் மாட்டியிருக்கிறேன். இன்னொன்று: காலையில் பரவாயில்லை, பின்னேரம் படு மோசம். பஞ்சும் அங்கங்கே பிய்ந்து தொங்குகிறது.

பரந்தன் வெல்டர்:
தம்பி, முதல் பிழை ரெகுலேற்றர். வீட்டு அடுப்பினது சுமார் 30 மில்லிபார்தான் விடும். இந்தப் பேர்னருக்கு புளோவர் இல்லை, காஸ் சீறிப் பாயும் வேகத்தில்தான் காற்றை உள்ளே இழுக்கும். அரை பாரிலிருந்து ஒரு பார் வரை வேணும். கலவை மெதுவாக வந்தால் நெருப்பு அதை எதிர்த்துக் குழாய்க்குள் ஏறிவிடும். நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். முள்ளு மீற்றர் வைத்த ஹை பிரஷர் ரெகுலேற்றரும் அதற்கேற்ற ஹோஸும் வாங்குங்கோ. பூட்டியபின் மூட்டுக்கு மூட்டு சவர்க்கார நுரை தடவிப் பார்க்காமல் தீக்குச்சி கிழிக்கக் கூடாது.

யூடியூபில் அமெரிக்கக்காரர் சொல்லும் ஜெட் (காஸ் சீறும் துளை) அளவை அப்படியே எடுக்காதேங்கோ. அவர்கள் எரிப்பது பெரும்பாலும் புரொப்பேன். எங்கள் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும். ஒரு பங்கு புரொப்பேன் எரிய 24 பங்கு காற்று போதும், பியூட்டேனுக்கு 31 வேணும். அதே துளை என்றால் எங்களுக்கு நெருப்பு மஞ்சளடிக்கும். துளை ஒரு மயிரிழை சின்னதாக இருப்பது நல்லது.

ஆனால் ஒன்று நீலம், மற்றது மஞ்சள் என்றால் குற்றம் அந்தக் குழாயில்தான். கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கோ.

பஞ்சைக் காய்ந்தபடி கையால் பிய்க்க வேண்டாம். சூடேறிப் பழசான பஞ்சின் தூசி நெஞ்சுக்குக் கூடாது. தண்ணீர் தெளித்து, தூசிக்கென்றே உள்ள மாஸ்க் போட்டுக் கழற்றுங்கோ. சும்மா துணி கட்டினால் போதாது.

கம்மாலைப் பெடியன், ஒட்டுசுட்டான்:
நாங்கள் இன்னும் சிரட்டைக்கரிதான். காஸ் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இரும்பு பற்றி ஒரு சொல். வில்லுத் தகடு சரி. காணி வெட்டும்போது வந்தது, குளக்கட்டில் கிடந்தது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதேங்கோ அண்ணை. சண்டை முடிந்தது 2009 இல், ஆனால் மண்ணுக்குள் கிடக்கிற குண்டு அப்படியேதான் கிடக்கிறது. என்னவென்று தெரியாத துண்டு உலைக்குள் போகவே கூடாது. இரண்டு பக்கமும் அடைத்த பைப்பும் அப்படித்தான், உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும். கல்வனைஸ் (நாகம் பூசிய) பைப்பும் வேண்டாம், அந்த வெள்ளைப் புகை காய்ச்சலில் போடும்.

மாங்குளத்தான்:
வெல்டர் ஐயா, பின் பேர்னரைக் கழற்றினேன். வெளிச்சமே தெரியவில்லை. கம்பி விட்டுத் தட்டினால் கட்டி கட்டியாக மண் கொட்டுகிறது. குளவிக்கூடு! உள்ளே ஐந்தாறு அறை, ஒவ்வொன்றிலும் காய்ந்த சிலந்தி. நடுவில் பென்சில் போகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. இப்போது வேலை முடிந்ததும் இரண்டு வாய்க்கும் துணி அடைக்கிறேன்.

ரெகுலேற்றரும் மாற்றி முக்கால் பாரில் வைத்தேன். உலை இரைகிறது. முதல் நாள் இரும்பு நன்றாகச் சிவந்தது, ஆனால் செதில் செதிலாகக் கொட்டியது. காற்று கூடிவிட்டது என்று விளங்கி, பேர்னரின் காற்று மூடியைத் திருகித் திருகி, உலைவாயில் இரண்டு அங்குல நாக்கு வெளியே ஆடும் இடத்தில் நிறுத்தினேன். செதில் பாதியாகக் குறைந்துவிட்டது.

பின்னேரக் குழப்பத்துக்குக் காரணம் சோளகம். கொட்டிலின் தெற்குப் பக்கம் திறந்தது, காற்று நேரே உலையின் பின்வாய்க்குள் அடித்து நெருப்பைத் திருப்பி அனுப்பியது. எட்டு அடித் தகரம் ஒன்றைச் சாத்தினேன், அடங்கிவிட்டது. மற்ற மூன்று பக்கமும் திறந்தபடிதான், புகை போக வேண்டுமே.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. முக்கால் மணித்தியாலம் போனால் சிலிண்டர் வியர்த்து, முள்ளு இறங்குகிறது. இந்த வெயிலில் எப்படிக் குளிர்கிறது?

பரந்தன் வெல்டர்:
உள்ளே திரவம் காஸாக மாறும்போது தன் சூட்டையே தின்னும். 12.5 கிலோ சிலிண்டர் பாதிக்குக் கீழே போனால் இன்னும் மோசம். அகலமான பேசினில் சாதாரணக் கிணற்றுத் தண்ணீர் விட்டு, சிலிண்டரை நிமிர்த்தி அதற்குள் வையுங்கோ. சுடுதண்ணீரும் வேண்டாம், உலைக்குக் கிட்டவும் நகர்த்த வேண்டாம். சின்னத் துண்டு என்றால் ஒரு பேர்னரை மூடிவிட்டு அடியுங்கோ.