கடலோர மனையில் இரண்டாவது வீடு: சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டல) அனுமதி பற்றி விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டத்தில் கடலோர ஊராட்சி ஒன்றில் எங்களுக்குப் பழைய ஓட்டு வீடு இருக்கிறது. பட்டா அப்பா பெயரில். கொல்லைப்பக்கம் காலி இடத்தில் தம்பி குடும்பத்துக்குத் தனிச் சமையலறையோடு 600 சதுர அடியில் வீடு கட்ட யோசனை.

ஊராட்சியில் “சி.ஆர்.இசட். சான்று கொண்டு வாங்க” என்கிறார்கள். 2019 சி.ஆர்.இசட். அறிவிக்கைப்படி 300 சதுர மீட்டர் வரை சொந்தக் குடியிருப்புக்கு உள்ளாட்சியே ஒப்புதல் தரலாம் என்று காட்டினால், “எழுத்துல வாங்கிட்டு வாங்க” என்பதோடு பேச்சு முடிந்தது.

உண்மையான சிக்கல் தூரம்தான். டேப் பிடித்துப் பார்த்தால் கரையிலிருந்து கொல்லை சுமார் 150 மீட்டர். ஆனால் கணக்கு அலை தொடும் இடத்திலிருந்து இல்லையாம், கடலோர மண்டல வரைபடத்தில் குறித்த உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை). 2011 விதிப்படி ஊர்ப்புறத்தில் 200 மீட்டருக்குள் புது வீடு கூடாது. 2019 விதியில், 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்தால் 50 மீட்டர் போதும். அதுவும் 2019 விதிப்படியான புது மண்டல வரைபடம் ஒப்புதலான பிறகுதான்.

பழைய வீட்டோடு சேர்த்து நீட்டிவிடுங்கள் என்கிறார் மேஸ்திரி. ஆனால் அந்தத் தூரத்துக்குள் இருக்கும் பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம், இடித்துக் கட்டலாம். அடித்தளப் பரப்பு கூடக்கூடாது என்பது விதி. அவருக்கென்ன, கட்டிவிட்டுப் போய்விடுவார்!

சர்வே எண்ணை எஃப்.எம்.பி. (நில அளவைப் புல வரைபடம்) வரைபடத்தோடு உயர் ஓதக் கோட்டின் மேல் பொருத்தி வாங்கியவர்கள் உண்டா? எங்கே மனு கொடுத்தீர்கள்? கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு நேராகப் போகலாமா, ஊராட்சி வழியாகத்தானா?