போட்டோ எதுக்குய்யா கேக்குறான்?

தாமிரபரணி:
போன வாரம் வேற திரில ஒரு அறிவாளி "தென்கொரியால நிறவெறியெல்லாம் கட்டுக்கதை, தகுதி இருந்தா யாருக்கும் இங்கிலீஷ் டீச்சர் வேலை"ன்னு எழுதிட்டுப் போயிருக்காரு. படிச்சதுல இருந்து பத்திக்கிட்டு வருது. அப்போ பயோடேட்டாவோட போட்டோ எதுக்குய்யா கேக்குறான்? இங்கிலீஷ் டீச்சருக்குக் குடுக்குற ஈ-2 விசாவே அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கான்னு ஏழு நாட்டுக்காரனுக்குத்தான். சரி தொலையட்டும், அந்த ஏழுக்குள்ள இருக்குற கறுப்பு அமெரிக்கனுக்காவது ஒழுங்கா கிடைக்குதா? போட்டோவப் பாத்ததும் "வெள்ளக்காரங்கதான் வேணுமாம்"னு ஏஜென்ட் கைய விரிக்கிறான்.

சோல்மாப்ள:
அந்த அறிவாளி நான்தான், பேரச் சொல்லியே திட்டுங்க. இங்க கொரியால சுவோன் நகரத்துல குடும்பத்தோட இருக்கேன், உங்கள மாதிரி கூகிள்ல ஊர் பாக்கல. இங்க கொரியன்கிட்டயே போட்டோ கேப்பான், ஊர் வழக்கம் அது. ஏழு நாடுன்னு அளக்குறீங்களே, 2010ல வந்த இந்தியா-கொரியா ஒப்பந்தத்துல இங்கிலீஷ் டீச்சர் லைசன்ஸ் உள்ள இந்தியர் அரசுப் பள்ளில உதவி ஆசிரியரா வரலாம்னு இருக்கே, அது கண்ணுல படலியா?

தாமிரபரணி:
உதவி ஆசிரியர்! பாத்தீங்களா, அங்கயும் உதவிதான். வழக்கம்னா 2017ல அரசு வேலை விண்ணப்பத்துல போட்டோ வேண்டாம்னு அவங்க அரசாங்கமே ஏன் எடுத்துச்சு? தப்புன்னு தெரிஞ்சுதானே? ஹாக்வோன்காரன், அதான் தனியார் டியூஷன் சென்டர்காரன், மட்டும் ஏன் இன்னும் கேக்குறான்? அதுக்கு பதில் சொல்லுங்க மாப்ள.

முறுக்குமணி:
வெள்ளக்காரனுக்கும் அடி உண்டுங்கோ. 2014ல ஒரு ஐரிஷ் டீச்சரம்மாவ "உங்க ஆளுங்க குடிகாரங்க"ன்னு சொல்லி ரிஜெக்ட் பண்ணி பிபிசி வரைக்கும் போச்சு. நம்ம ஊரு டாஸ்மாக் கியூவ பாத்தா அந்த ஏஜென்ட் என்ன சொல்லுவானோ 😂

சோல்மாப்ள:
அதைத்தான் சொல்றேன், அது நிறவெறி இல்ல, ஏஜென்ட்டோட முட்டாள்தனம்.

தாமிரபரணி:
ஐரிஷ்காரிக்கு ஒரு மெயில், கறுப்பருக்கு தினமும், ரெண்டும் ஒண்ணா? வெளிநாட்டு டீச்சருக்கு மட்டும் 2007ல இருந்து எச்ஐவி டெஸ்ட், கொரியன் டீச்சருக்கு கிடையாது. ஒரு நியூசிலாந்து டீச்சர் 2009ல மறுபடி எடுக்க மாட்டேன்னு நின்னாங்க, வேலை போச்சு, ஐநா இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு வரைக்கும் போனாங்க. 2015ல கொரியா பண்ணது தப்புன்னு குழு சொல்லிருச்சு. இதுவும் ஏஜென்ட் முட்டாள்தனமா? அரசாங்கமே போட்ட ரூல்யா! போட்டோவுக்கு இன்னும் பதில் வரல.

சோல்மாப்ள:
அந்த டெஸ்டையும் 2017ல எடுத்துட்டாங்க, அத மட்டும் வசதியா முழுங்கிட்டீங்க. மொதல்ல உங்க ஊர் கல்யாண விளம்பரத்துல "சிவந்த நிறம்"னு போடுறத நிறுத்துங்க, அப்புறம் கொரியாவத் திருத்தலாம்.

வாத்தியார்பொண்ணு:
ரெண்டு பேருக்கும் ஒரு கேள்வி. வளைகுடால ஒரே கிளாஸ், ஒரே பாடம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு ஒரு சம்பளம் எனக்கு ஒரு சம்பளம்னு வாங்கிட்டு வந்தவ நான். அத யாரும் பேச மாட்டீங்களே?

தாமிரபரணி:
அக்கா அதுக்கு தனித் திரி போடுங்க, இங்க போட்டோ பத்திதான். கல்யாண விளம்பரத்தையும் நான்தான் போன வருஷம் இங்க கிழிச்சேன், அப்ப மாப்ள எங்க இருந்தாரு? ஆள் எடுத்துக் குடுத்து கமிஷன் பாக்குறவரு ஹாக்வோனுக்கு வக்காலத்து வாங்காம வேற என்ன பண்ணுவாரு.

சோல்மாப்ள:
கமிஷனா? ஆதாரம் இருந்தா போடுங்க, இல்லன்னா அட்மின்கிட்ட போறேன்.

தாமிரபரணி:
போங்க, தாராளமா போங்க. ஸ்க்ரீன்ஷாட் என்கிட்டயும் இருக்கு, "கலரா இருந்தா சொல்லுங்க தம்பி"ன்னு நீங்க போன தீபாவளிக்கு வாட்சப் குரூப்ல போட்டது.

முறுக்குமணி:
அய்யய்யோ. போடுங்கண்ணே போடுங்க, நான் பாப்கார்ன் எடுத்துட்டு வரேன்.

வாத்தியார்பொண்ணு:
தனித் திரி போட்டாச்சு. ஒருத்தரும் வரல.