மெஷின் இருக்கிறது, காப்பி சரியில்லை: அடுத்த செலவு எதற்கு?

கோவைக்காரன்:
ஆறு மாதத்துக்கு முன் ஒரு எஸ்பிரெஸோ மெஷின் வாங்கினேன். பெட்டியில் 15 பார் அழுத்தம் என்று போட்டிருந்தது. கூடவே தூள் போடும் சல்லடைக் கிண்ணம், அதாவது பாஸ்கெட், இரண்டு வந்தன. ஒன்று சாதாரணம், இன்னொன்றின் அடியில் ஒரே ஒரு துளை. சாதாரண பாஸ்கெட்டில் போட்டால் பத்தே விநாடியில் தண்ணீர் மாதிரி ஓடிவிடுகிறது, வாயில் வைத்தால் புளிப்பு. ஒற்றைத் துளையில் நுரை நிறைய வருகிறது, ஆனால் கப்புச்சினோ போட்டால் பால் ருசிதான் தெரிகிறது. தூள் கடையில் அரைத்து வாங்கியது, சிக்கரி கிடையாது. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. இதை விற்றுவிட்டுப் பெரிய மெஷின் வாங்கலாமா, கொட்டை அரைக்கத் தனியாக ஒரு கிரைண்டர் வாங்கலாமா?

சேர்வராயன்:
கிரைண்டர்தான். மெஷினை மாற்றாதீர்கள்.

15 பார் என்பது பம்பால் முடிந்த உச்சம். எஸ்பிரெஸோவுக்கு வேண்டியது 9 பார் அளவுதான், அதுவும் தூள் தண்ணீரை மறித்து நின்றால்தான் உருவாகும். உங்கள் தூள் ஃபில்டருக்கு அரைத்த பதம். பருவெட்டாக இருப்பதால் தண்ணீர் தடையில்லாமல் இறங்குகிறது. இரண்டு மடங்கு விலைக்கு மெஷின் வாங்கி இதே தூளைப் போட்டாலும் இதே பத்து விநாடிதான்.

18 கிராம் தூள், 36 கிராம் டிகாக்‌ஷன், 25 முதல் 30 விநாடி. இதை வைத்து ஆரம்பியுங்கள். சீக்கிரம் ஓடிப் புளித்தால் இன்னும் நைஸாக அரைக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசந்தால் கொஞ்சம் பருவெட்டாக. கிரைண்டர் இல்லாமல் இந்தத் திருத்தத்தை எப்படிச் செய்வீர்கள்? மிக்ஸியில் மாவும் குருணையும் கலந்துதான் வரும். மாவு கசக்கும், குருணை புளிக்கும், இரண்டும் ஒரே கோப்பையில்.

டபராசெட்:
சேர்வராயன் சொல்லும் கணக்கு சரி. ஆனால் அது ஒருவர் தனக்கென்று நிதானமாகப் போட்டுக் குடிக்கும் காப்பியின் கணக்கு. எங்கள் வீட்டில் ஐந்து பேர். காலை ஆறரைக்குள் எல்லோருக்கும் ஆக வேண்டும். கையால் சுற்றும் கிரைண்டரில் அந்தப் பதத்துக்கு 18 கிராம் அரைத்துப் பாருங்கள், தோள் சொல்லும். என் அம்மாவுக்கு மூட்டு வலி. நான் ஊரில் இல்லாத நாளில் அவர் யாரை எதிர்பார்ப்பார்?

ஒற்றைத் துளை பாஸ்கெட் இதற்காகவே செய்யப்பட்டது. தூள் பதம் முன்னே பின்னே இருந்தாலும் அந்தத் துளை தண்ணீரை மறித்துக்கொள்ளும். கடைக்காரரிடம் மெஷினுக்கு என்று சொல்லி நைஸாக அரைக்கச் சொல்லுங்கள். நூறு நூறு கிராமாக வாங்கி ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். 25,000 ரூபாயைத் தொடவே வேண்டாம்.

சேர்வராயன்:
அந்த பாஸ்கெட்டில் வரும் நுரை, டிகாக்‌ஷன் சின்னத் துளை வழியே பீய்ச்சியடிப்பதால் வருவது. எஸ்பிரெஸோவின் மேல் நிற்கும் பொன்னிற நுரையான க்ரீமா வேறு. வறுத்த கொட்டைக்குள் தங்கியிருக்கும் கரியமில வாயு, அழுத்தத்தில் டிகாக்‌ஷனில் கரைந்து, வெளியே வந்ததும் காப்பி எண்ணெயோடு சேர்ந்து நுரைக்கிறது. இத்தாலியில் 1900களின் தொடக்கத்தில் வந்த மெஷின்கள் நீராவியின் சொற்ப அழுத்தத்தில் ஓடின, அவற்றில் இது வரவில்லை. அக்கில்லே காஜியா என்பவர் 1948இல் அதிக அழுத்தம் தரும் நெம்புகோல் மெஷினைக் கொண்டுவந்த பிறகுதான் மக்கள் இதைக் கோப்பையில் பார்த்தார்கள். அரைத்த தூளிலிருந்து அந்த வாயு வேகமாகப் போய்விடும். கூடவே மணமும் போகும். ஒரு வாரப் பொட்டலத்தில் மிஞ்சுவது என்ன? பாலில் காப்பி காணாமல் போகிறது என்று கோவைக்காரர் எழுதியிருப்பது அதைத்தான்.

டபராசெட்:
இத்தாலியைச் சொன்னதால் கேட்கிறேன். அங்கே வீட்டு அடுப்பில் பெரும்பாலும் இருப்பது எது? 1933இல் பியலெத்தி என்பவர் கொண்டுவந்த மோக்கா பாத்திரம், அடியில் கொதிக்கும் தண்ணீர் தூள் வழியே மேலே ஏறுவது. அதில் வருவது 1, 2 பார் அழுத்தம்தான், க்ரீமா கிடையாது. அதில்தான் காலைக் காப்பியைப் போட்டுப் பால் கலந்து குடிக்கிறார்கள். வீட்டுக் காப்பிக்கு வேறு அளவுகோல் இருப்பதை அவர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, சூடு. நீராவிக் குழாயில் பாலை 60, 65 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் நுரை கெட்டு இனிப்பும் குறையும் என்கிறார்கள். உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு 65 டிகிரி என்றால் ஆறிப்போன காப்பி. பொங்கக் காய்ச்சிய பாலில் டிகாக்‌ஷன் விட்டால்தான் அவர்களுக்குக் காப்பி. அந்தப் பாலில் நீங்கள் சொல்லும் நுணுக்கம் எல்லாம் நிற்காது.

உப்புத்தண்ணி:
இடையில் ஒரு விஷயம். போர்த் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? என் மெஷினில் ஒரு வருடத்தில் உள்ளே உப்புப் படிந்து நீராவிக் குழாய் அடைத்துக்கொண்டது. சிறுவாணித் தண்ணீர் வந்தால் அவ்வளவு பயமில்லை. எப்படியானாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிட்ரிக் அமிலம் கரைத்து ஓட்டிக் கழுவுங்கள்.

கோவைக்காரன்:
சிறுவாணிதான், நன்றி. வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா பித்தளை ஃபில்டரை விடமாட்டார், அதனால் மெஷின் காப்பி எனக்கும் மனைவிக்கும் மட்டும்.

டபராசெட் சொன்னபடி நைஸாக அரைத்து வாங்கி, தராசில் நிறுத்து, சாதாரண பாஸ்கெட்டில் போட்டேன். முதல் நாள் 24 விநாடி, கப்புச்சினோவில் முதல் தடவையாகக் காப்பி தெரிந்தது. ஐந்தாம் நாள் அதே தூள், அதே 18 கிராம், 15 விநாடியில் ஓடிவிட்டது. புளிப்பும் திரும்பிவிட்டது.

சேர்வராயன்:
தூள் பழசானால் அப்படித்தான் வேகம் கூடும். கிரைண்டர் இருந்தால் ஐந்தாம் நாள் ஒரு புள்ளி நைஸாகத் திருப்பியிருப்பீர்கள். இரண்டு கோப்பைக்குக் கைக் கிரைண்டரே போதும், 25,000 முழுதும் செலவாகாது. கொட்டை வாங்கும்போது வறுத்த தேதியைப் பாருங்கள், ஒரு வாரம் ஆறவிட்டுத் திறங்கள்.

டபராசெட்:
இரண்டு பேர் என்றால் வாங்குங்கள், மறுக்கவில்லை. ஆனால் கிரைண்டர் இல்லாவிட்டால் மெஷினே வேண்டாம் என்று சிலர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. எங்கள் ஐந்து பேருக்கும் ஒற்றைத் துளை பாஸ்கெட்தான் தினமும் காப்பி கொடுக்கிறது.

சேர்வராயன்:
ஐந்து பேர் வீட்டுக்கு மின்சார கிரைண்டர் என்பேன். அம்மா சுற்ற வேண்டியதில்லை, பொத்தானை அழுத்தினால் போதும்.

டபராசெட்:
எந்த விலையில் கிடைக்கிறது, எவ்வளவு சத்தம் போடும் என்று எழுதுங்கள். காலை ஐந்தரைக்குக் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.